புல்வரிசையில் நான் விட்ட இடைவெளி

ஹெலன்ஸ்வில் என்ற சிற்றூரைத் தாண்டி, மேற்குக் கரையின் மணற்காடுகள் தொடங்கும் முன்னால், ஒரு சரிவில் நான் நட்ட புல் இப்போதும் நிற்கிறது. இருநூறு காலடி நீளம், ஆள் உயரத்துக்கு மேல். அதன் நடுவில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தேன். யாரும் விடச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் ஒரு மனிதர் சுடுபடப் பார்த்தார். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த இரண்டு நாட்களில் அவருடைய வேலையும், அந்த வேலையை நம்பியிருந்த விசாவும் போகப் பார்த்தன. காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்திருக்க வேண்டிய மூன்றாவது ஆளுக்கு அப்போது தெரியாது.

நான் மன்னார்ப் பக்கம் பிறந்தவன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு கொழும்பில் சீமெந்துக் கடை, கத்தாரில் குழாய் பதிக்கும் வேலை, மலேசியாவில் செம்பனைத் தோட்டம். அண்ணன் ஸ்பொன்சர் செய்து என்னை இங்கே எடுத்த பிறகும் ஓரிடத்தில் இருந்ததில்லை. தெற்கே திராட்சைத் தோட்டம், கிழக்கே கிவி பறிப்பு, நடுவில் ஒரு மட்டித் தொழிற்சாலை. இப்போது பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு வீட்டின் பின்னறை. புல் நட்ட காலத்தில் வேலி போடுவதும் மரம் நடுவதுமாக ஒரு கொன்ட்ராக்டரிடம் இருந்தேன்.

என்னோடு வேலை செய்தவர் தமிழ்நாட்டுக்காரர். விழுப்புரம் பக்கம், தலைமுறையாகக் கரும்பு போடும் குடும்பம். பெயரை எழுதப்போவதில்லை, ஆகவே கரும்புக்காரர் என்றே சொல்கிறேன். பிஸினஸ் டிப்ளமா படிக்க வந்து, படிப்பு முடிந்தும் படித்த வேலை கிடைக்காமல், வேலி வேலைக்கு வந்தவர். வயது நாற்பதைத் தொட்டிருந்தது. மனைவிக்கு ஹில்ஸ்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நாலு வயதில் ஒரு மகள். அவருடைய விசா அந்தக் கொன்ட்ராக்டரின் பெயரோடு கட்டப்பட்டிருந்தது. கொன்ட்ராக்டர் வேண்டாம் என்றால் மூவரும் பெட்டி கட்டவேண்டியதுதான். நான் இந்நாட்டு வதிவிடக்காரன், எனக்கு அந்தப் பயம் இல்லை. ஒரே வான் வண்டியில் ஒரே சம்மட்டியோடு போகும் இரண்டு பேருக்கு இடையில் இருந்த பெரிய வித்தியாசம் அதுதான். தினமும் காலையில் நியூ லின் ஸ்டேஷன் வாசலில் அவரை ஏற்றிக்கொண்டு போவேன்.

அந்தச் சரிவு இருந்த காணிக்குச் சொந்தக்காரி ஒரு வெள்ளைக்கார அம்மா. அறுபது தாண்டியவர். கணவர் இல்லை. மாடு வளர்த்தார். பள்ளத்துக் காட்டிலிருந்து விடியலில் மேய வரும் மான்களைத் துவக்கால் சுட்டு, இறைச்சியைத் தன் குளிர்ப்பெட்டிக்கும் அயலாருக்கும் பங்கிடுவார். சரிவின் அடியில் நாலு கால்களின்மேல் ஒரு பலகைக் கூடு இருந்தது. அதற்குள் உட்கார்ந்துதான் காத்திருப்பார். வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையிலிருந்து அந்தக் கூட்டுக்கு ஒரு நடைபாதை இருந்தது. முன்பு பக்கத்துக் காணியின் பைன் மரங்கள் அந்தப் பாதையை மறைத்திருந்தன. மரங்களை வெட்டி ஏற்றியபின் பாதை வெட்டவெளியாகிவிட்டது. அவர் கொட்டகையை விட்டு இறங்கும்போதே மான்கள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போய்விடும். பாதைக்கும் மேய்ச்சல் வெளிக்கும் நடுவில் உயரமான புல்லை நட்டு ஒரு மறைப்புச் செய்ய வேண்டும். அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

நான் முதல்நாளே ஒரு யோசனை சொன்னேன். மோட்டர்வே ஓரமெல்லாம் வெள்ளை இறகு வைத்த பெரிய புல் நிற்கிறதே, இரண்டு வான் நிறையத் தோண்டிக்கொண்டு வந்தால் என்ன என்று. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதில் ஒரு வேர் இந்தக் காணிக்குள் வந்தாலும், அதோடு உங்களையும் வெளியே போடுவேன்," என்றார். அது விதை பறந்து காடெல்லாம் பிடிக்கும் புல், நடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அவர் வரவழைத்தது மிஸ்காந்தஸ் என்ற புல்லின் கிழங்குகள். அதற்கு விதை இல்லை, நட்ட இடத்தில் நிற்கும். குளிர்காலத்தில் காய்ந்தாலும் தட்டை சாயாது. சாக்கைப் பிரித்ததும் கரும்புக்காரர் ஒரு கிழங்கை எடுத்து, கணுவை நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்தார்.

"இது கரும்போட சித்தப்பா மகன்ணே. சக்கரை மட்டும் இல்ல."

"சீனி இல்லாட்டிப் பிறகென்ன கரும்பு?"

"சிரிக்காதீங்க. பிஸினஸ் படிக்கப் போனவன் அங்கயும் போயி கரும்புதான் நடுறான்னு எங்க ஊர்ல தெரிஞ்சா, நான் திரும்பி அந்தப் பக்கமே போக முடியாது."

தனித்தனிக் குழி வேண்டாம், சால் பிடிப்போம் என்றார். கயிறு கட்டி நீளமாக ஒரு சால் வெட்டி, கிழங்கைப் படுக்க வைத்து, முளை மேலே பார்க்க, நாலு விரல் மண் போட்டு மிதித்தோம். அந்த வேலையில் அவருடைய கை சொன்னபடி என்னுடைய கை போனது. அந்த அம்மா ஒரே ஒரு விஷயத்தைத்தான் இரண்டு தரம் சொன்னார். வரிசையில் எங்கும் இடைவெளி இருக்கக்கூடாது.

அப்படியிருந்தும் நான் விட்டேன். எங்கள் பக்கத்தில் எந்த வேலி அடைத்தாலும் ஒரு பொட்டு விடுவார்கள். அடுத்த வளவுக்குப் போய்வர, குனிந்து நுழைகிற ஒரு சின்ன வழி. சண்டை பிடித்து, பேச்சில்லாமல் இருக்கும் இரண்டு வீட்டுக்கு நடுவில்கூட அது இருக்கும். நெருப்பென்றாலும் ஆமிக்காரர் வந்தாலும் வாசல் படலையடிக்குப் போக நேரம் இராது. பதினாலு வயதில் நான் ஒரு பொட்டுக்குள்ளால்தான் வீட்டை விட்டுப் போனேன், வாசலால் அல்ல. இதையெல்லாம் அன்று நான் நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். வரிசையின் நடுவுக்கு வந்ததும் கை நின்றது. மூன்று கிழங்கின் இடத்தை விட்டுவிட்டுத் தொடர்ந்தேன்.

"அண்ணே, இங்க விட்டுப்போச்சு," என்றார் பின்னால் வந்தவர்.

"விட்டதுதான். இருக்கட்டும்."

"மேடம் கேப் இல்லாம வரணும்னு சொன்னாங்களே."

"புல்லு சரிஞ்சு தானா மூடும். நீர் வாரும்."

புல் தானாக மூடவில்லை. மூட நான் விடவில்லை. முதல் கோடையில் அது இடுப்பளவு வந்தது. பாதிக்கு மேல் பறிபோயிருக்கும், நீல உடம்பும் சிவப்புச் சொண்டும் கொண்ட புகேகோப் பறவைகள் வந்து முளைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. கரும்புக்காரர் பழைய மீன் வலையைக் கொண்டுவந்து விரித்துக் காப்பாற்றினார். இரண்டாம் கோடையில் ஆளை மறைத்தது. அப்போது நாங்கள் மேய்ச்சல் வெளியின் அடிப்பக்கம் கம்பி வேலி புதுப்பிக்க வந்துகொண்டிருந்தோம். எங்களுடைய சாமான்கள் வெளியின் அந்தப் பக்கம், ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தன. கொட்டகையிலிருந்து டிராக்டர் தடத்தால் சுற்றிப் போனால் பத்து நிமிடம். நடைபாதையால் இறங்கி இந்தப் பொட்டால் புகுந்தால் மூன்று நிமிடம். வழியில் சாய்ந்த தாள்களைப் போகவர நான் கத்தியால் தட்டிவிடுவேன். கரும்புக்காரரும் அதாலேயே போய்வந்தார். "ஆட்டோ ஸ்டாண்டு ஒண்ணுதான் இங்க பாக்கி," என்பார்.

ஏப்ரல் மாதம், இங்கே அது இலையுதிர்காலம். ஆண் மான்கள் பள்ளத்துக்குள் நின்று உறுமும் காலம். புல் பழுத்து, மானின் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த அம்மா எங்களிடம் வந்து, நாளைக் காலை தான் கூட்டுக்குள் இருப்பதாகவும், ஒன்பது மணிவரை கொட்டகையைத் தாண்டி யாரும் வரவேண்டாம் என்றும் சொன்னார். அவர் துவக்கு வைத்திருந்த விதத்தில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. என்னவென்று தெரியாமல் விசையில் விரல் வைக்கமாட்டேன் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். நான் சின்ன வயதில் பார்த்த துவக்குக்காரர்கள் அப்படி இல்லை.

சனிக்கிழமை நாங்கள் கொட்டகையில் வான் கதவைத் திறந்துவைத்து, பிளாஸ்கில் இருந்த தேநீரைக் குடித்தபடி இருந்தோம். துவக்குச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது அடித்தது. ஒன்பது பத்து. அவர் திரும்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. பாதை முழுக்கப் புல்லுக்குப் பின்னால். நாங்கள் தேநீர் குடிக்கும்போது அவர் கொட்டகையின் பின்பக்கத்தால் வீட்டுக்குள் போயிருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திராது. மான் கண்ணுக்கு மறைக்க நட்ட புல் எங்கள் கண்ணுக்கும் மறைத்தது. இது நடும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

"போயிருப்பாங்களாண்ணே?"

"ஒன்பது எண்டுதானே சொன்னவா. அந்த மனுசி சொன்னால் சொன்னதுதான். நீர் போய் தொட்டியில இருக்கிற கம்பி இறுக்கிற சாமானை எடுத்துக்கொண்டு வாரும், நான் கட்டைகளை இறக்கிறன்."

அவர் மண்ணிறக் கம்பளிச் சட்டையின் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டு பாதையில் இறங்கினார். தூரத்திலேயே ஆள் தெரிவதற்காகப் போடவேண்டிய செம்மஞ்சள் மேற்சட்டைகள் இரண்டும் வானின் பின் இருக்கையில் கிடந்தன. அதை நான் பார்த்தேன், எடுத்துக் கொடுக்கவில்லை. இவ்வளவும் நான் செய்தது.

நான் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. சொல் ஒன்றும் இல்லை, ஓர் ஓலம். ஓடினேன். பொட்டுக்குப் பக்கத்தில், வெளிப்பக்கமாக, கரும்புக்காரர் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றார். யாரும் அவரிடம் கையைத் தூக்கச் சொல்லவில்லை. அந்த அம்மா கூட்டிலிருந்து இறங்கி, துவக்கைத் திறந்து குண்டை வெளியே எடுத்துவிட்டு, ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டுக்கும் பொட்டுக்கும் எழுபது காலடித் தூரம் இருக்கும்.

மூவரும் கொட்டகைக்குத் திரும்பிய பிறகுதான் பேச்சு வந்தது. அந்த அம்மா பார்த்தது இதுதான். புல்லின் நடுவில் அசைவு. மண்ணிறமான ஒரு முதுகு, குனிந்து, மெதுவாக வெளியே வருகிறது. துவக்கை எடுத்துத் தோளில் வைத்துவிட்டார். கொம்பைத் தேடினார். கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கை வந்து தாளை ஒதுக்கியது.

"ஏன் அந்த வழியாக வந்தீர்கள்?" என்று கரும்புக்காரரைப் பார்த்துக் கேட்டார். "அது பாதை இல்லையே. யார் அந்த வழியாகப் போகச் சொன்னது?"

கரும்புக்காரர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "சாரி மேடம்," என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இல்லை, எத்தனையோ வேலை போயிருக்கிறது. துவக்கு வைத்திருப்பவர் வந்து, யார் செய்தது என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. அது என்னை இதற்கு முன் இரண்டு மூன்று தடவை உயிரோடு வைத்திருக்கிறது. அன்று அது இன்னொருவரின் கழுத்தில் போய் விழுந்தது.

அவரை வானில் திரும்பக் கொண்டுவந்தேன். ஸ்டேஷனடியில் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வீட்ல எதுவும் சொல்லிடாதீங்கண்ணே. அவ பயந்துடுவா."

"சொல்லமாட்டன்."

"உங்களால எதையுமே சொல்லாம இருக்க முடியும். அது தெரியும்." கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய போன் வந்தது. பின்னால் மகள் ஆங்கிலத்தில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"கொன்ட்ராக்டர் கூப்ட்டாருண்ணே. நாளைக்கு வர வேணாமாம். மேடம் நடந்ததைச் சொல்லியிருக்காங்க. சேஃப்டி ரூல மீறிட்டேனாம். அப்புறம் பேசலாம்னு சொல்றாரு. அந்த அப்புறம் என்னன்னு எனக்குத் தெரியும்."

"நீர் மீறேல்ல. நான்தானே போகச் சொன்னனான்."

"அது எனக்குத் தெரியும்ணே. அவங்களுக்குத் தெரியுமா?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் போட்டுக் குடுக்கல. குடுக்கவும் மாட்டேன். நீங்களா சொன்னா சொல்லுங்க. இல்லன்னா விடுங்க. ஆனா அந்த வழிய நான் விடலண்ணே. நான் நட்டிருந்தா அங்க மூணு கரும்பு நின்னுருக்கும்."

அன்று பின்னேரம் நான் பிளாக்ஹவுஸ் பேயில் கடலடிக்குப் போய் நடந்தேன். அடுத்த ஊருக்குப் போகலாம் என்ற எண்ணம் வந்தது. ஹேஸ்டிங்ஸ் பக்கம் ஆப்பிள் பறிப்பு முடியவில்லை, ஆள் தேவை. ஒரு பை கட்ட எனக்குக் கால் மணி நேரம் போதும். இப்படிப் பல இடங்களை விட்டுப் போயிருக்கிறேன், போன இடத்தில் தூங்கியும் இருக்கிறேன். ஆனால் அவர் மகளுடைய பாட்டு காதில் நின்றுவிட்டது. இந்த முறை போனால் அந்தப் பொட்டால் நான் இன்னொரு தரம் புகுந்து போவதாகவும், அவர் குடும்பம் அதில் நிற்பதாகவும் ஆகிவிடும். போகவில்லை.

திங்கட்கிழமை தனியாகப் போனேன். அந்த அம்மா கொட்டகைப் படியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இடைவெளி நான் விட்டது. மூடாமல் வெட்டி வைத்தது நான். ஒன்பது ஆகிவிட்டது போ என்றது நான். மேற்சட்டையைக் கொடுக்காததும் நான். அவர் கேட்டு முடித்து, கழற்றிய சப்பாத்தை மறுபடி போட்டுக்கொண்டார். "வாருங்கள்," என்று முன்னால் நடந்தார்.

பலகைக் கூட்டுக்குள் என்னை ஏற்றி, தன்னுடைய கதிரையில் உட்காரவைத்தார். அங்கிருந்து அந்த வரிசையை நான் முதல்முதலாகப் பார்த்தேன். நெடுகப் பழுத்த புல். அதில் எங்கும் ஒன்றும் தெரியவில்லை. நடுவில் மட்டும் ஒரு கறுத்த வாசல், யாரோ திறந்து வைத்தது போல.

"கீழே மண்ணைப் பார்த்தீர்களா? குளம்படி. போன மாதமே மான்கள் அதால் வரத் தொடங்கிவிட்டன. ஒரு பெரிய ஆண் மான். நாலு விடியல்கள் அதற்காகக் காத்திருந்தேன். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எழும்பத்தான் இருந்தேன். புல் அசைந்தது. ஆகவே இருந்துவிட்டேன்." பொட்டின் பக்கம் கையைக் காட்டினார். "இடைவெளி வேண்டாமென்று இரண்டு தரம் சொன்னவள் நான். அது இருப்பதைக் கண்டேன். எனக்குப் பிரயோசனமாக இருந்தது. மூடச் சொல்லவில்லை. யார் விட்டதென்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை."

நான் நினைத்துப் போனது வேறு. ஏசுவார், வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அங்கேயே போனை எடுத்துக் கொன்ட்ராக்டரைக் கூப்பிட்டார். அந்த ஆள் போகச் சொன்ன இடத்துக்குத்தான் போனார், பிழை அவரில் இல்லை, நேரத்தைத் தாண்டிக் கூட்டுக்குள் இருந்தது தான்தான், நாளைக்கு இரண்டு பேரும் வரவேண்டும் என்றார். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கதைத்தது. "இரண்டு பேரும்," என்று மறுபடி சொன்னார். வைத்த பிறகு, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினார்.

ஸ்டேஷனடியில் செவ்வாய்க்கிழமை கரும்புக்காரர் ஏறினார். கொன்ட்ராக்டர் முதல்நாளே கூப்பிட்டு வரச்சொல்லியிருந்தார். கதவைச் சாத்தி, பெல்ட் போட்டுக்கொண்டு, கொஞ்சத் தூரம் போனதும் கேட்டார்.

"என்ன இங்கிலீஷ்லண்ணே சொன்னீங்க?"

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல."

"அப்ப அவங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?" என்றார். சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து இட்லியை என் பக்கம் நீட்டினார்.

பொட்டில் இப்போது கிழங்கு நட்டால் வேர் பிடிக்காது, குளிர் போகட்டும் என்று சொன்னதும் அவர்தான். அதுவரைக்கும் மானூகா என்ற புதர்மரத்தின் கிளைகளை வெட்டி, இரண்டு கட்டைக்கு நடுவில் நெருக்கி அடைத்தோம். அந்த அம்மா அந்தப் பருவம் முழுக்கக் கூட்டுக்குப் போகவில்லை. கொட்டகைச் சுவரில் ஒரு ஆணி அடித்து, அதில் ஒரு சிவப்புத் தொப்பியை மாட்டினார். தான் கீழே போகும் நாளில் தொப்பி ஆணியில் இருக்கும், திரும்பி வந்து தானே எடுத்துத் தலையில் போடும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது என்றார். மணிக்கணக்கு இனி வேண்டாம் என்றார்.

செப்டம்பரில் வரிசையின் ஒரு தூரை நான் மண்வெட்டியால் பிளந்து மூன்று கிழங்கு எடுத்துக் கொடுத்தேன். கரும்புக்காரர் கிளைகளை உருவிப் போட்டுவிட்டு, முழங்காலில் இருந்து சால் வெட்டினார். அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற இடம் அது. முளையை மேலே பார்க்க வைத்தார். மண் போட்டார். எழும்பி நின்று, சப்பாத்துக் காலால், தேவைக்கும் கூடுதலாக மிதித்தார்.

"தண்ணி ஊத்தணும்ணே. வாளி தொட்டில இருக்கு."

செம்மஞ்சள் மேற்சட்டையைப் பூட்டிக்கொண்டு மேலே ஏறினார். கொட்டகையைத் தாண்டி, டிராக்டர் தடத்தால் சுற்றி, வெட்டவெளியில் இறங்கினார். ஆணியில் தொப்பி இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் தொட்டியடிக்குப் போய்ச் சேர்ந்து, வாளியைத் தூக்கி எனக்குக் காட்டும்வரை, நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.